தூக்கிப் போட இருந்த மரத்தில் ஒரு கிடார்

பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது உத்திரம், விட்டம், நிலை, கதவு எல்லாம் முற்றத்தில் வந்து விழும். நல்ல தேக்கு நிலையாக இருந்தால் பழைய மரக்கடைக்காரர் அன்றே விலை பேசிவிடுவார். மற்றதெல்லாம் விறகுக்குப் போகும். அது என்ன மரம், எத்தனை வருஷம் காய்ந்த மரம், வேறு எதற்காவது ஆகுமா என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு.

இங்கிலாந்தில் ஒரு அப்பாவும் மகனும் அப்படி நின்று பார்த்தார்கள். அவர்கள் எடுத்து வைத்த மரம் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு மின்கிடாரின் கழுத்தாக இருக்கிறது. அந்த மகன், 'குயின்' இசைக்குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே. அப்பா, ஹெரால்டு மே.

கடையில் விலை, வீட்டில் மரம்

பிரையன் 1947-ம் ஆண்டு ஜூலை 19-ம் தேதி பிறந்தவர். லண்டனை ஒட்டிய ஃபெல்தம் பகுதியில் சாதாரணக் குடும்பம். அப்பா விமானத்துறை அமைச்சகத்தில் வேலை பார்த்தார். வரைபடம் போடுவது, மின்னணுக் கருவிகள் அமைப்பது அவர் தொழில். வீட்டில் எது பழுதானாலும் தாமே பிரித்துச் சரிசெய்கிற கை. மகனின் 7-வது பிறந்தநாளுக்குச் சாதாரண மரக் கிடார் ஒன்று வாங்கித் தந்தார்கள். வளர வளர, பையனுக்கு மின்கிடார் மேல் ஆசை வந்தது. அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் கிடாரின் விலை அந்தக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

1963 ஆகஸ்டில், பிரையனுக்கு 16 வயதானபோது, அப்பாவும் மகனும் தாங்களே ஒன்று செய்துவிடுவது என்று இறங்கினார்கள். வீட்டின் ஓர் அறைதான் பட்டறை. பெரும்பாலும் கைக்கருவிகள். முடிய ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆயின. காசு இல்லாததால் தொடங்கிய வேலை என்றாலும், ஏதோ கிடைத்ததை ஒட்டவைத்த வேலையாக அது இல்லை. ஒவ்வொரு துண்டு மரத்தையும் 'இதற்கு என்ன வேலை?' என்று கேட்டுத்தான் எடுத்தார்கள்.

மூன்று வேலைக்கு மூன்று மரம்

மின்கிடாரில் மரத்துக்கு மூன்று இடம் உண்டு. கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து, விரல் அழுத்தும் பலகை, கீழே அகன்ற உடல். மூன்றுக்கும் குணம் வேறு.

கழுத்துதான் கஷ்டமான இடம். கிடாரின் 6 இரும்புக் கம்பிகளும் சேர்ந்து, கம்பியின் பருமனைப் பொறுத்து, சுமார் 35 முதல் 50 கிலோ வரை இழுக்கும். ஒரு யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. அந்த மூட்டையை இரவும் பகலும் வருஷக்கணக்கில் தொங்கவிட்டாலும் வளையாத, முறுகாத குச்சி வேண்டும். கழுத்தின் மேல் பதிக்கும் உலோகத் தடுப்புகளின் இடைவெளியும் கணக்குப்படி இருக்க வேண்டும். பிரையனின் கிடாரில் கம்பியின் நீளம் 24 அங்குலம். முதல் தடுப்பு சுமார் 1.35 அங்குலத்தில் வரும். 12-வது தடுப்பு சரிபாதியில், 12 அங்குலத்தில் வரும். மரம் கொஞ்சம் வளைந்தாலும் சுருதி தப்பும்.

எனவே கழுத்துக்கு நேரான நார் ஓட்டமும் நன்றாகக் காய்ந்த தன்மையும் வேண்டும். குடும்ப நண்பர் ஒருவர் வீட்டில் பழைய கணப்பு அடுப்பைச் சுற்றியிருந்த மகோகனிச் சட்டத்தைக் கழற்றித் தூக்கிப் போட இருந்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் பழைய மரம். குளிர்காலம்தோறும் அடுப்புச் சூட்டில் காய்ந்து, கோடையில் ஆறி, இனி ஆட வேண்டியதெல்லாம் ஆடி முடித்த மரம். அதைத்தான் எடுத்தார்கள். அதில் வண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன. அதற்காக மரத்தை ஒதுக்கவில்லை. ஓட்டைகளில் தீக்குச்சியைச் செருகி அடைத்து, கையாலேயே செதுக்கி உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினார்கள்.

விரல் பலகைக்குக் கடினமான மரம் வேண்டும். இல்லையென்றால் கம்பியும் நகமும் பட்டுப் பள்ளம் விழும். அதற்கு ஓக் மரத்தை எடுத்து, கறுப்புச் சாயம் ஏற்றி, மேலே கெட்டியான பூச்சுக் கொடுத்தார்கள். அதில் பதித்த வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

உடலுக்கு அவ்வளவு உயர்ந்த மரம் தேவைப்படவில்லை. பழைய மேசையிலிருந்து எடுத்த ஓக் கட்டையை நடுவில் வைத்து இழுவிசையை அது தாங்கும்படி செய்தார்கள். சுற்றிலும் பிளாக் போர்டு, அதாவது மெல்லிய கட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, மேலும் கீழும் பிளைவுட் போர்த்திய சாதாரணப் பலகை. உள்ளே சில இடங்களைக் குடைந்து கூடாக விட்டார்கள். எடையும் குறைந்தது, ஒலிக்கும் உதவியது. மேலே மெல்லிய மகோகனித் தோல் ஒட்டினார்கள். அந்தச் செம்பழுப்பு நிறத்தால்தான் அதற்கு 'ரெட் ஸ்பெஷல்' என்று பெயர் வந்தது. ஓரத்தில் தெரியும் வெள்ளைப் பட்டை, அலமாரிப் பலகைக்கு ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை.

மின்கிடாரில் மரம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்று கிடார் செய்பவர்களிடையே முடியாத வாதம் உண்டு. ஆனால் கழுத்து வளையக்கூடாது என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. செலவையும் கவனத்தையும் எங்கே வைப்பது என்பதை அதிலிருந்தே முடிவு செய்யலாம்.

டைனமோ தெரிந்தவருக்கு இது புரியும்

மின்கிடாரின் ஒலி 'பிக்கப்' என்ற சிறு பெட்டியில் பிறக்கிறது. உள்ளே காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றும் இருக்கும். சைக்கிள் டைனமோவில் காந்தம் சுழன்றால் கம்பிச்சுருளில் மின்சாரம் வரும். இங்கே காந்தம் அசையாது. மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடும், சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விட்டால் இசை.

முதலில் அவர்கள் பிக்கப்பையும் வீட்டிலேயே சுற்றினார்கள். ஒலி நன்றாகத்தான் வந்தது. ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கும்போது சரசரவென்று இரைச்சல் சேர்ந்தது. காந்தங்களை வடதுருவம், தென்துருவம் என்று மாற்றி மாற்றி வைத்திருந்ததால் வந்த கோளாறு அது. எனவே அதைக் கழற்றிவிட்டு, பர்ன்ஸ் கம்பெனியின் 'ட்ரை-சோனிக்' பிக்கப் 3 வாங்கிப் பொருத்தினார்கள். வாங்கியதிலும் ஒரு குறை. சத்தம் கூடும்போது சுருள் தானே அதிர்ந்து 'கீ' என்று ஊளையிட்டது. உள்ளே அரால்டைட் பசையை ஊற்றிக் கெட்டிப்படுத்தினார்கள். ஊளை நின்றது.

கம்பிகளைத் தளர்த்தி இழுத்து ஒலியை அலையவிடும் கைப்பிடி இன்னொரு சவால். கைப்பிடியை விட்டதும் கம்பி அதே சுருதிக்குத் திரும்ப வேண்டும். உரசல் இருந்தால் திரும்பாது. தராசின் முள் கத்திமுனை மேல் உட்காருவதுபோல, கெட்டியாக்கிய எஃகுக் கத்திமுனை மேல் அந்த அமைப்பை உட்கார வைத்தார்கள். கம்பிகளின் இழுப்புக்கு எதிராக இழுக்க, 1928-ம் ஆண்டு பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் 2. கைப்பிடி, சைக்கிள் சீட்டில் பை மாட்டும் கம்பி. அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு.

எதைத் தானே செய்வது, எதை வாங்குவது என்பதில் அவர்களுக்குப் பிடிவாதம் இல்லை. செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை என்றால் வாங்கினார்கள், வாங்கியதிலும் குறை தெரிந்தால் திருத்தினார்கள்.

அப்பாவின் வருத்தம்

கிடாரைச் செய்து தந்த அப்பாதான், பின்னாளில் அந்தக் கிடாரால் மனம் வருந்தினார்.

பிரையன் படிப்பில் கெட்டி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்று, சூரியனைச் சுற்றியுள்ள விண்தூசி பற்றி முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். அந்த நேரத்தில் குயின் குழு மேலே வரத் தொடங்கியது. 1974 வாக்கில் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுக் குழுவோடு போனார். ஹெரால்டு மகனைப் படிக்க வைக்கக் காசு காசாகச் சேர்த்தவர். ஓய்வு நேரத்தில் மகனுக்கு ஒரு கிடார் செய்து தருவது வேறு, மகன் அதையே பிழைப்பாக்குவது வேறு என்று நினைத்தார். இருவருக்கும் பேச்சே அற்றுப்போன காலமும் இருந்தது.

படிக்க அனுப்பிய பிள்ளை திரும்பி வந்து மாடு வாங்கப் போகிறேன் என்றாலும், நிலத்தை விட்டுப் போகிறேன் என்றாலும், நம் வீடுகளிலும் இதே மௌனம்தான் வந்து உட்காரும். அப்பாவின் கோபத்துக்குள் இருப்பது பெரும்பாலும் பயம். இந்தப் பிள்ளை நாளைக்கு எப்படிச் சாப்பிடும் என்ற பயம். பிள்ளைக்கு அது அவமதிப்பாகத் தெரியும்.

குழு புகழ் பெற்ற பிறகு, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் மகன் வாசிப்பதைப் பார்க்க ஹெரால்டு வந்தார். தாம் இழைத்த மரத்தின் ஒலிக்கு ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்றதைக் கண்டார். நிகழ்ச்சி முடிந்ததும் மகனின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்போது புரிகிறது என்று சொன்னதாகப் பிரையன் பின்னர் பேட்டிகளில் கூறியிருக்கிறார்.

ஹெரால்டு 1988-ல் காலமானார். விட்டுப்போன ஆய்வைப் பிரையன் திரும்ப எடுத்து, 2007-ல், தமது 60-வது வயதில் முனைவர் பட்டம் வாங்கினார். அதைப் பார்க்க அப்பா இல்லை. கிடார் இருக்கிறது. 2002-ல் எலிசபெத் அரசியின் பொன்விழாவில் பக்கிங்காம் அரண்மனையின் மொட்டைமாடியில் நின்று பிரையன் வாசித்ததும் அதே கிடாரில்தான்.

நம் மரத்துக்கு இதில் என்ன?

இசைக்கருவிக்கு மரம் தேர்வது நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் பிறக்கிறது. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளின் ஈட்டி மரம் (தோதகத்தி) உலகம் முழுக்கக் கிடார்களின் விரல் பலகையாக ஓடுகிறது. 2017-ல் ஈட்டி இன மரங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குத் தந்தார்கள்.

இப்போது வரப்போரம் மகோகனி நடுபவர்கள் அதிகம். 'கிடார் செய்கிற மரம், பெரிய விலை போகும்' என்று சொல்லிக் கன்று விற்பவர்களும் உண்டு. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஹெரால்டு எடுத்தது நூறு ஆண்டுக்கு மேல் காய்ந்த, முதிர்ந்த மரம். 12 அல்லது 15 வயதில் வெட்டும் மரத்தில் வெளிர்ப்பகுதி அதிகம், வைரம் குறைவு. பெயர் ஒன்றானாலும் பலகை ஒன்றல்ல. கன்று வாங்கும்போது கிடாரை நினைத்துக் கணக்குப் போட வேண்டாம். உள்ளூர் மரக்கடை என்ன விலைக்கு எடுக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போடுவதே சரி.

விறகாக்கும் முன்

பழைய மரமோ புது மரமோ, கருவிக்கோ கதவுக்கோ வைக்க நினைத்தால் சில காரியங்களைச் செய்ய வேண்டும்.

பழைய மரத்தில் முதலில் ஆணியைத் தேடிப் பிடுங்க வேண்டும். ஒளிந்திருக்கும் ஓர் ஆணி இழைப்பு மெஷினின் கத்தியைக் கெடுத்துவிடும். வண்டு ஓட்டை இருந்தால், கீழே கறுப்புத் துணி விரித்து மரத்தைத் தட்டிவிட்டுச் சில நாள் கழித்துப் பார்க்கலாம். புதுத் தூள் விழுந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது, போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசல் தேவைப்படும். தூள் விழவில்லை என்றால் அது பழைய ஓட்டை. அடைத்துவிட்டு வேலை செய்யலாம்.

ஒரு கண்ணை மூடிப் பலகையின் நீளவாட்டில் பார்த்தால் வளைவும் முறுக்கும் தெரியும். நார் நேராக ஓடுகிறதா, நடுவில் கணு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புது மரத்தை அறுத்த உடனே நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடுக்க வேண்டும். பலகைக்குப் பலகை நடுவே ஒரே கனத்தில் ரீப்பர் துண்டு வைத்து, இரண்டு முனையிலும் பெயிண்ட் அல்லது மெழுகு பூசினால் வெடிப்புக் குறையும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. ஒரு சிறு துண்டைத் தனியே வைத்து வாரம் ஒருமுறை எடை போட்டு வந்தால், எடை இறங்குவது நின்றதும் மரம் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று அறியலாம். நம் ஊர்க் காற்றில் ஈரம் 12 சதவிகிதத்தை ஒட்டி நிற்கும். மழைக்காலத்தில் கூடும். கிடார் தொழிற்சாலைகள் 6 முதல் 8 சதவிகிதம் வரை சூளையில் உலர்த்துகின்றன.

கடைசியாக ஒரு சிறு வேலை. எடுத்து வைத்த ஒவ்வொரு கட்டையிலும் என்ன மரம், எந்த வீட்டு உத்திரம் அல்லது எந்த வரப்பு மரம், எந்த வருஷம் இறக்கியது என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து அதை எடுக்கப் போவது பிள்ளையாக இருக்கலாம். அது கையில் எடுப்பது இன்ன மரம் என்று அதற்குத் தெரிய வேண்டும்.