கவிஞரின் கையொப்பம்

தம் பெயரைத் தம் கையால் எழுதித் தர ஒருவர் தயங்கினால், அதனைச் செருக்கென்று கொள்வது உலக வழக்கு. ஆங்கிலக் கவிஞர் அல்பிரட் தெனிசன் இப்பழிக்கு ஆளானவர். 1850இல் அரசவைக் கவிஞரான அவர், 1892இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். 1840இல் வந்த ஒரு பென்னி அஞ்சல்முறை, எவரும் எவருக்கும் சிறு செலவிற் கடிதம் எழுத வழிசெய்திருந்தது. முன்பின் அறியாதோர் கையொப்பம் வேண்டி எழுதிய மடல்கள் அவர் வீட்டிற் குவிந்தன. பல்லாண்டுகள் மறுமொழி எழுதும் பாரத்தை மனைவி எமிலியே சுமந்தார். வைற் தீவிலே தம் வீட்டருகே வந்து எட்டிப் பார்க்கும் உல்லாசப் பயணிகளுக்கு அஞ்சி, 1868இல் சசெக்சுக் குன்றொன்றில் வேறொரு வீடு கட்டத் தொடங்கினார் கவிஞர்.

இதனை நாம் செருக்கென்று கருதவில்லை. கவிதை வாசகர்க்கு உரியது. கை கவிஞருக்கு உரியது. ஆனால் அக்கையெழுத்தும் அந்நாளிற் சந்தைப் பண்டமாயிற்று. அவருடைய அயலவரான யூலியா மாகரட் கமரன் அம்மையார் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர். கவிஞரின் படத்தின் கீழே கையொப்பமும் இருந்தால் நல்ல விலை போகும்; ஆதலின் அவரை வற்புறுத்திக் கையொப்பம் பெற்றார். 1865இற் பிடித்த தம் படமொன்றுக்குத் தெனிசன் ‘அழுக்குத் துறவி’ என்று பரிகாசப் பெயர் சூட்டினார். தயங்கவும் நகைக்கவும் அவருக்கு உரிமை இருந்தது.

இதே கமரன் அம்மையார் 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் வியர்வையிலே தழைத்தது கோப்பித் தொழில். 1879இல் மறைந்த அம்மையாரின் கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. இங்கேயும் அவர் படம் பிடித்தார். உழைக்கும் மக்கள் அவருடைய கருவியின் முன் நின்றனர். எஞ்சியுள்ள அப்படங்களிலே அவர்களுட் பெரும்பாலோரின் பெயர் இல்லை. ‘களுத்துறைக் குடியானவர்’ என்பதுபோல் ஊரும் தொழிலுமே உண்டு. அவர்களிடம் எவர் கையொப்பம் கேட்டார்?

மலைநாட்டுத் தோட்டமொன்றின் இராப் பாடசாலையில் நாம் எழுத்தறிவித்த நாட்களில், கொழுந்து பறிக்கும் முதிய தாயொருவர் தம் பெயரை எழுதக் கற்றார். அதுவரை சம்பள நாளிலே பெருவிரலை மையில் ஒற்றிவந்தவர். முதன்முதலாகப் பெயரெழுதிய தாளை நினைவுக்காக நாம் கேட்டோம். “இது எங்கிட்டயே இருக்கட்டும் ஐயா” என்று மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டார். நாம் மீண்டும் கேட்கவில்லை.

தம் பெயர் தமக்கே உரியது என்ற உணர்வு தெனிசனுக்கும் அத்தாய்க்கும் பொதுவானது. கவிஞர்க்கு அது கேளாமலே கிடைத்தது. இவரோ முதுமையிலே, பகலெல்லாம் கொழுந்து பறித்த களைப்போடு, விளக்கொளியில் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பெற்றார். நம் இலக்கியக் கூட்டங்களிலே கையொப்ப ஏட்டுடன் எழுத்தாளரைச் சூழும் இளைஞரை நாம் குறைகூறோம். அவர் நூலையும் படியுங்கள் என்போம். பெயரெழுத அறியாதார் ஒருவரேனும் உங்கள் அயலில் இருப்பின், அவர் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள் என்றும் கேட்போம்.