சிங்கத்தலை மலையில் ஒரு காலை

"மலையேறுவதா? அது வாலிபர்களின் வேலை" என்று நீங்கள் சொல்லக்கூடும். ஐம்பதைத் தாண்டிய நானும் அப்படித்தான் சொன்னேன். தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் வாழும் என் பள்ளித் தோழியைப் பார்க்கப் போயிருந்தபோது, அவள்தான் என்னை விடாப்பிடியாக இழுத்துச் சென்றாள். அவளுடைய பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். அவர் கேப் மலாய் குடும்பத்துப் பெண்.

நகரத்தின் தலைக்கு மேலே நிற்கும் அந்த மலைக்கு "லயன்ஸ் ஹெட்", அதாவது சிங்கத்தின் தலை என்று பெயர். உயரம் 669 மீற்றர். ஸுபஹ் தொழுததும் புறப்பட்டோம். பாதை தொடக்கத்தில் அகலமாக இருக்கிறது. பேசிக்கொண்டே நடக்கலாம். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவதால் கடலும், மேசை மலையும், நகரமும் மாறி மாறிக் கண்ணுக்குத் தெரிகின்றன. வெள்ளி பூசியது போன்ற இலைகளுள்ள மரங்களையும் வழியில் பார்த்தோம்.

போகப் போகப் பாதை ஒடுங்கிப் பாறையாகிறது. ஓரிடத்தில் இரும்பு ஏணி. அதை எப்படியோ ஏறிவிட்டேன். அதற்கப்பால் செங்குத்தான பாறையில் சங்கிலிகளைப் பிடித்து ஏற வேண்டும். கீழே பார்த்தேன். முழங்கால் நடுங்கியது. "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"சுத்திப் போற பாதை ஒண்டு ஈக்குது, வா" என்றாள் தோழி. சங்கிலி வழிக்குப் பயந்தவர்களுக்காகச் சற்று நீண்ட வேறொரு பாதை உண்டு. ஆசிரியை முன்னே செல்ல, தோழி பின்னே வர, நடுவில் நான். பிஸ்மி சொல்லி ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தேன். அல்ஹம்துலில்லாஹ், உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சகோதரிகளே, அங்கிருந்து பார்த்தால் முழு நகரமும் காலடியில் கிடக்கிறது. கடலுக்குள் தெரிவது ரொபன் தீவு. நெல்சன் மண்டேலா தம் 27 வருடச் சிறைவாழ்வில் 18 வருடங்களைக் கழித்த இடம். அவருக்கு ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன்னரே, 1780இல் கேப்டவுனுக்குக் கொண்டுவரப்பட்ட துவான் குருவை ஒல்லாந்தர் அங்கே சிறை வைத்தார்கள். சிறையிலிருந்தவாறே அவர் குர்ஆனை மனனத்திலிருந்து எழுதினார். மலையடிவாரத்தில் பல வர்ண வீடுகளோடு தெரிவது போகாப். அந்நாட்டின் முதலாவது பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. துவான் என்ற பெயரைக் கேட்டதும் நம் நாட்டு மலாய் சகோதரர்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

ஆசிரியை நகரின் மறுபக்கத்தில் ஒரு வெற்று நிலத்தைக் காட்டினார். "டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். என் உம்மா பிறந்த வீடு அங்கேதான் இருந்தது" என்றார். 1966இல் அந்தப் பகுதியை வெள்ளையருக்கு மட்டும் உரியதென அரசு அறிவித்தது. 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. "தெருவில் நின்றால் கட்டிடங்கள் மறைத்துவிடும். இங்கிருந்து பார்த்தால்தான் எவ்வளவு எடுத்தார்கள் என்று விளங்கும். அதற்காகவே வருடத்தில் ஒரு முறை ஏறுகிறேன்" என்றார். நாங்கள் இருவரும் பேசாமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டோம்.

சற்று நேரத்தில் அவர் என்னிடம், "ஷெய்க் யூசுபைப் பற்றி உங்கள் நாட்டில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார். நான் விழித்தேன். அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. "அவர் உங்களிடமிருந்துதானே எங்களிடம் வந்தார்!" என்றார் அவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஊர் திரும்பிய பின்னர் தேடிப் படித்தேன். மகஸ்ஸாரைச் சேர்ந்த அந்தப் பெரியார் ஒல்லாந்தரை எதிர்த்துப் போராடியவர். 1684இல் கைதியாக இலங்கைக்கு அனுப்பப்பட்டார். ஹஜ்ஜுப் பிரயாணிகள் மூலம் அவருடைய எழுத்துகள் தாய்நாட்டுக்குப் போய்ச் சேர்வதைக் கண்டு அஞ்சிய ஒல்லாந்தர், 1694இல் அவரைக் குடும்பத்தோடும் சீடர்களோடும் கேப்புக்கு மாற்றினார்கள். 1699இல் அங்கேயே மௌத்தானார். தென்னாபிரிக்காவில் இஸ்லாம் வேரூன்ற வழிசெய்தவர்களில் முதன்மையானவராக அவரை அந்த மக்கள் போற்றுகிறார்கள். பத்து வருடங்கள் நம் மண்ணில் வாழ்ந்தவரை நாம் அறியவில்லை. கடல் தாண்டிப் போனவரை அவர்கள் மறக்கவில்லை.

இறங்கும்போது ஆசிரியை கீழே சீ பொயின்ட் கடற்கரையைக் காட்டினார். றமழான் பிறையையும் பெருநாள் பிறையையும் வெறுங்கண்ணால் பார்க்க அங்கே குடும்பம் குடும்பமாக மக்கள் கூடுவார்களாம். விடைபெறும்போது அவர் "திரமகாசி" என்று நன்றி சொன்னார். அது மலாய் மொழிச் சொல். முந்நூறு வருடங்களாகியும் அந்தச் சொல் அவர்கள் நாவில் இருக்கிறது.

உங்களில் யாருக்கேனும் அங்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால் தனியாக ஏற வேண்டாம். துணையோடு செல்லுங்கள். பிடிப்புள்ள சப்பாத்தும் தளர்வான சல்வாரும் அணிந்துகொள்ளுங்கள். தண்ணீரை மறக்காதீர்கள். காற்றுப் பலமாக இருந்தால் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலிக்குப் பயமென்றால் சுற்றுப்பாதையில் போங்கள், அதில் குறைவொன்றுமில்லை.

போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் ஷெய்க் யூசுபின் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாளை யாராவது அவர்களிடம் கேட்டால், என்னைப் போல் விழிக்காமல் பதில் சொல்லட்டும்.