செல்ஃப் எடுக்காத கார்

பழைய கார் வைத்திருப்போர் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் சாவியைத் திருப்பியும் எஞ்சின் அசையாதிருந்தால், "பேட்டரி போய்விட்டது" என்று அக்கணமே தீர்ப்பு வழங்கிவிடுவர். தீர்ப்பு வந்தபின் விசாரணை எதற்கு? புதிய பேட்டரி வந்து சேரும். இரண்டு வாரம் கார் நன்றாக ஓடும். பின்னர் மீண்டும் அதே மௌனம்!

எம் மைத்துனர் இல்லத்தில் நிகழ்ந்ததும் இதுவே. அவருடைய தந்தையார் 1970களில் வாங்கிய அம்பாசிடர் அது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழித்தோன்றலாகக் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை உருவான இனம். தந்தையார் மறைந்தபின்னும் அதனை விற்க மனமின்றிப் பேணி வந்தார் மைத்துனர். ஆனால் ஓராண்டிற்குள் இரண்டு பேட்டரிகள் மாற்றியாயிற்று. செல்ஃப் மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் மாற்றியாயிற்று. அப்படியும் சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. இரும்பு விலைக்குப் போகட்டும் என்று பிள்ளைகள் முடிவுகட்டிய நிலையில்தான், "அத்தான், ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள்" என்று எமக்குச் சொல்லி அனுப்பினார்.

இத்தகைய வேளைகளில் ஸ்பானரைத் தொடுமுன் காதைத் தீட்டிக்கொள்வது நலம். பாதி நோயை ஓசையே சொல்லிவிடும். 'டகடகடக' என விரைந்து தட்டினால் பேட்டரி வலுவிழந்திருக்க வேண்டும், அல்லது அதன் டெர்மினலில் உப்புப் பூத்து வழியை அடைத்திருக்க வேண்டும். ஓசையே இல்லையெனில், சாவி சுவிட்சிலிருந்து சாலினாய்டுக்குச் செல்லும் சிறு கம்பியைத் தேடிப் பார்க்கலாம். மோட்டார் மட்டும் 'விர்ர்' எனச் சுழன்று எஞ்சின் சும்மா இருந்தால் அது மின்சாரக் குறையன்று. பெண்டிக்ஸின் பற்சக்கரம் அழுக்கேறி, சென்று பற்ற மறுக்கிறது என்று பொருள். அதைக் கழுவி உலர்த்த வேண்டுமேயன்றி எண்ணெய் இடலாகாது. எண்ணெய் தூசியை அழைத்து வரும்.

மைத்துனரின் காரோ கனமாக ஒரே ஒரு 'டக்' என்று சொல்லி ஓய்ந்தது. இதுதான் வல்லுநரையும் மயக்கும் நோய். முன்விளக்குகளை எரியவிட்டு மீண்டும் சாவியைத் திருப்பச் சொன்னோம். விளக்குகள் மங்கவே இல்லை. பேட்டரி ஓய்ந்திருந்தாலோ, மோட்டார் இறுகிச் சிக்கியிருந்தாலோ அவை அழுது வடிந்திருக்கும். மங்காத விளக்கு சொல்லும் செய்தி என்ன? பேட்டரியில் சக்தி இருக்கிறது. அது மோட்டாரைச் சென்று சேரவில்லை.

இனி மீட்டரின் வேலை. ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுழலும்போதும் ஏறத்தாழ 9.6க்குக் கீழே இறங்கலாகாது. இங்கே 12.6 இருந்தது, சாவியைத் திருப்பியபோதும் சற்றே இறங்கியது. இந்தச் சோதனைக்கு முன் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சின் கிளம்பிவிடாதபடி காயிலின் சிறு கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் செய்தோம். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வோல்ட்டுக்குமேல் காட்டிற்று! காரின் உடலில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆக, உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையேதான் வழி அறுந்திருக்கிறது.

எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மீது அமர்ந்திருப்பது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று எஞ்சினையும் உடலையும் இணைக்கும். கீழே படுத்துப் பார்த்தபோது அப்பட்டை சில இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் துருவும், துருவின்மேல் யாரோ அடித்த கறுப்புப் பெயிண்டும் இருந்தன. ஓமில் நூறில் ஒரு பங்கு தடை மிக அற்பமன்றோ? ஆயினும் 150 ஆம்பியர் இழுக்கும் செல்ஃப் மோட்டாருக்கு அதுவே ஒன்றரை வோல்ட் இழப்பு. அதே தடையைச் சிறு சோதனை விளக்கு உணரவே உணராது. அது ஒளிர்வதைக் கண்டு 'கம்பி நன்றாக உள்ளது' என்று பட்டறைகளில் விட்டுவிடுகின்றனர்.

உண்மையில் நோயை முதலில் கண்டவர் மைத்துனரின் துணைவியாரே. "சோக் கம்பி சுடுகிறது, கருகிய வாடை வருகிறது" என்று மாதக்கணக்காய்ச் சொல்லி வந்தாராம். சோக்குக்கும் செல்ஃபுக்கும் என்ன தொடர்பென்று நகைத்திருக்கின்றனர். எர்த் பட்டை அறுந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் மெல்லிய சோக் கம்பி அகப்பட்டுக்கொள்ளும். அவர் சொல்லை ஒருவர் செவிமடுத்திருந்தால் இரண்டு பேட்டரிகளின் விலை மிஞ்சியிருக்கும்.

புதிய பட்டையைப் பூட்டுமிடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கியபின் வாசலின் தடவினோம். அன்று மாலையே நான்கு முறை எடுத்துப் பார்த்தனர். நான்கு முறையும் எடுத்தது. பிள்ளைகள் விற்கும் பேச்சை ஒத்திவைத்தனர்.

செல்ஃப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றாதிருப்பது வேறு கதை. அதற்குப் பாயிண்ட் இடைவெளி, கண்டென்ஸர், காயில் என்று தேட வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு.

பேட்டரியில் கைவைக்கும் எவரும் ஒன்றை முதலில் பார்த்துக்கொள்ளட்டும். 1960களின் இடைக்காலம் வரையிலான பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் உடலோடு இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. எது இணைந்திருப்பினும் அந்த எர்த் கம்பியையே முதலில் கழற்றி, கடைசியில் பூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பானர் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். அண்மையில் சார்ஜ் ஏறிய பேட்டரியின்மேல் எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு தங்கியிருக்கவும் கூடும்.