கதவைச் சாத்தாமல் ஒரு பன்றிக்கறிக் குழம்பு

டொமாட்டியோ என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களிடம், சொடக்குத் தக்காளி ஞாபகம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன். வரப்பிலும் தரிசிலும் தானாக முளைத்துக் கிடக்கும் அந்தச் செடியின் காய், காற்றடைத்த காகிதக் கூடு மாதிரியான உறைக்குள் இருக்கும். சிறுவயதில் பறித்து நெற்றியில் அடித்துச் சொடக்கு விட்டிருப்போம். மெக்சிகோவின் டொமாட்டியோவும் அதே இனம்தான். எலுமிச்சை அளவு இருக்கும், பச்சையாக இருக்கும்போதே சமைப்பார்கள், புளிப்பு தூக்கல். அதையும் பச்சை மிளகாயையும் சுட்டு அரைத்து, அந்தச் சாற்றில் பன்றிக்கறியை வேகவைத்தால் 'சீலே வெர்தே'. பச்சை மிளகாய்க் குழம்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், டெக்சாஸில் எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டில் இருந்த மெக்சிகோக்கார அம்மா. நான் அப்போது கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். வேலை செய்ய அனுமதி கிடையாது. 2015இல் என்னைப் போன்ற மனைவிமாரில் ஒரு பகுதியினருக்கு அந்த அனுமதி கிடைக்கும்வரை, எம்.எஸ்சி. படித்த எனக்கு அடுப்படிதான் உலகம். அந்தம்மா பகலெல்லாம் ஊரார் வீடுகளைத் துடைத்துவிட்டு வந்து, சாயங்காலம் தன் வீட்டுக்குச் சமைப்பார். என்னை 'மிஹா' என்று கூப்பிடுவார். என் மகளே என்று அர்த்தம். நம் பக்கத்தில் முன்பின் தெரியாத பெண்ணையும் 'கண்ணு' என்பதில்லையா, அந்த மாதிரி.

ஒன்றரைக் கிலோ கறிக்கு ஒரு கிலோ டொமாட்டியோ. உறையை உரித்தால் காயின் மேல் ஒரு பிசுபிசுப்பு இருக்கும், அது போகக் கழுவ வேண்டும். அதோடு இரண்டு வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு, நான்கு பொப்ளானோ மிளகாய், காரத்துக்கு இரண்டு மூன்று ஹலபீனோ. எல்லாவற்றையும் ஓவனில் மேல் சூட்டில் வைத்துத் தோல் கறுக்கும்வரை சுட வேண்டும். பொப்ளானோவை மட்டும் சூட்டோடு ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிவைத்தால் வியர்த்துத் தோல் கழன்றுவரும். பிறகு ஒரு கட்டு கொத்தமல்லித் தழையோடு சேர்த்து, மிக்ஸியில் ஒன்றிரண்டாக அரைக்கலாம்.

கறி, பன்றியின் தோள்பகுதி. விலை குறைவு, கொழுப்பும் சவ்வும் அதிகம், ருசியும் அதனால்தான். இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, உப்புப் போட்டு, அதன் கொழுப்பிலேயே சிவக்க வறுக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் சட்டியில் குவித்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகுமே தவிர சிவக்காது. அப்புறம் சீரகம், ஒரிகானோ, அரைத்த சாறு. சிறு தீயில் இரண்டு மணி நேரம். பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்பேறும், கரண்டி பட்டாலே கறி பிரியும். அப்போது இறக்கலாம். மக்காச்சோள டார்ட்டியாவோடு சாப்பிடுவது அவர்கள் வழக்கம். சுடுசோற்றுக்கும் பிரமாதமாக இருக்கும், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். பன்றியின் கொழுப்புக்குப் புளிப்பு வேண்டும் என்பது பல சமையலறைகளுக்குத் தெரிந்திருக்கிறது. குடகில் கச்சம்புளி, கோவாவில் வினிகர், எங்கள் அம்மா கரைத்து ஊற்றுவது புளி.

மிளகாயும் டொமாட்டியோவும் மெக்சிகோ மண்ணுடையவை. பன்றி அங்கே 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களின் கப்பலில் போய் இறங்கியது. அதே நூற்றாண்டில்தான் மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக நம் பக்கம் வந்தது. 'எங்க வீட்ல ஆதியிலேர்ந்தே இந்தச் சாப்பாடுதான்' என்று யாராவது பெருமை பேசினால், அவர்கள் குழம்பில் மிளகாய் மிதக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

அப்பாவுக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை கிடைத்து, சேரியிலிருந்து டவுனுக்கு நாங்கள் வாடகைக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்கார அம்மா கறி சமைக்கத் தடை சொல்லவில்லை. ஆனால் ஆட்டுக்கறி வாசம் வந்தால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றுதான் தெரியும். பன்னிக்கறி வாசம் வந்தால் நாங்கள் யார் என்று தெரிந்துவிடும். அப்பாவுக்கோ அது இல்லாமல் முடியாது. மாதம் ஒருமுறை பெரியப்பா ஊரிலிருந்து துணிப்பையில் கொண்டுவருவார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அம்மா தெருக்கதவையும் கொல்லைக்கதவையும் சாத்தி, ஜன்னல் இடுக்கில் பழம்புடவையைத் திணித்து, சாம்பிராணி போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். சாப்பிட்டதும் அப்பா படுத்துவிடுவார். அம்மா எலும்பைத் தாளில் சுற்றி அடுத்த தெருக் குப்பையில் போட்டுவிட்டு வருவாள். சட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தரையை இரண்டு முறை கழுவுவாள். காலையில் எங்கள் கையை முகர்ந்து பார்த்த பிறகுதான் பள்ளிக்கு அனுப்புவாள்.

வீட்டு வேலைக்குக் கூலியில்லை என்று பேசுகிறோம். சமைப்பது, துவைப்பது, பிள்ளை வளர்ப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வருகிறது. சமைத்த வாசனையை அழிப்பது எந்தக் கணக்கில் வரும்? சாதியை மறைத்து ஒரு குடும்பத்தை அந்தத் தெருவில் குடியிருக்க வைப்பதும் வேலைதான். எங்கள் வீட்டில் அதை அம்மா மட்டுமே செய்தாள். ருசி அப்பாவுக்கு, பயம் அம்மாவுக்கு. எங்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்ததும் ஒரு பெண்தான் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

டெக்சாஸில் தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடுவோம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோவோம். நான் பன்னிக்கறி கொண்டுவருவதாகச் சொன்னதும் ஓர் அக்கா சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் நம்ம ஆளுங்க சாப்பிட மாட்டாங்களேம்மா. ஆமா, ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" என்றார். அதே அக்கா மெக்சிகோ உணவகத்தில் குடும்பத்தோடு 'கார்னிடாஸ்' சாப்பிட்டு நான் பார்த்திருக்கிறேன். கார்னிடாஸ் என்பது பன்றிக்கறிதான். ஸ்பானிய மொழியில் சொன்னால் அது நாகரிகம், தமிழில் சொன்னால் சாதி. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை கொண்டுவந்தபோது, அமெரிக்காவில் ஏது சாதி என்று கேட்டவர்கள் எங்கள் கூட்டத்திலும் இருந்தார்கள்.

சீலே வெர்தேயைக் கொண்டுபோனேன். பாத்திரத்தின் மேல் சீட்டு ஒட்டி, 'பன்னிக்கறிக் குழம்பு' என்று தமிழில் எழுதிவைத்தேன். பாதிப் பேர் தொடவில்லை. கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்கள் மூன்று தடவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "எங்க ஆயா செய்வாங்க ஆன்ட்டி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

எங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் சான் அன்டோனியோ. அங்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் அந்தி சாய்ந்ததும் சதுக்கங்களில் மேசை போட்டு, விளக்கேற்றி, கறியும் காய்ந்த மிளகாயும் சேர்ந்த சிவப்புக் குழம்பை விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்று அவர்களுக்குப் பெயர். 1890களில், பக்கத்து ஊரில் குடியேறியிருந்த ஜெர்மானியரான வில்லியம் கெப்ஹார்ட் அந்தக் குழம்புக்கான மிளகாய்ப் பொடியைத் தயாரித்து விற்று, பெரிய நிறுவனமே கட்டினார். 1930களில் நகர நிர்வாகம் சுகாதார விதிகளைக் காட்டி அந்தப் பெண்களைச் சதுக்கத்திலிருந்து அப்புறப்படுத்தியது. 1977இல் டெக்சாஸ் சட்டமன்றம் சில்லியை மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது. இதைப் படித்தபோது எனக்கு அம்மா தரையைக் கழுவிக்கொண்டிருந்ததுதான் ஞாபகம் வந்தது. குழம்பு வேண்டும், குழம்பு வைத்த கை வேண்டாம் என்பதற்கு 'சுத்தம்' என்கிற ஒரு சொல் எல்லா ஊரிலும் போதுமானதாக இருக்கிறது.

இன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது. டொமாட்டியோ உரிப்பதும் சட்டி தேய்ப்பதும் கணவர். ஜன்னல் திறந்திருக்கிறது. இதை என் வீரம் என்று சொல்ல மாட்டேன். தூரமும் சம்பளமும் கொடுத்தது. ஊரில் சொந்த வீடு கட்டிய பிறகும் அம்மா கதவைச் சாத்திக்கொண்டுதான் சமைக்கிறாள்.

அடுத்த முறை வரும்போது இதைச் செய்து தருகிறேன் என்று போனில் சொன்னேன். அங்கே டொமாட்டியோ கிடைக்காது. பழுக்காத தக்காளிக்காயைச் சுட்டு அரைத்து, இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

"சாம்பிராணி வாங்கி வைக்கவா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. பகல்லயே செய்யலாம். கதவு தொறந்தே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "அப்ப ஒரு கிலோ பத்தாதுடி. வாசனை போச்சுன்னா பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் குடுக்கணும்ல."