பொகவந்தலாவையில் ஓர் ஓய்வுக்காலம்

ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் போகும் பாதையின் முடிவில் பொகவந்தலாவை. அங்கே புனித மரியாளின் பெயரில் சிறியதோர் ஆங்கிலிக்கன் தேவாலயம் உண்டு. அதன் முற்றத்தில் ஒரு கிழத் தம்பதியர் அருகருகே அடங்கியிருக்கின்றனர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். மனைவி ஜூலியா மாகரட் கமரன். அந்த அம்மையாருக்காகவே கடல் கடந்து வந்து அந்தக் கல்லைப் பார்த்துப் போகிறவர்கள் உண்டு. நம்மவர்களுக்கு அது யாரோ ஒரு பழைய துரைசாணியின் கல்லறை, அவ்வளவுதான்.

கணவரின் பெயரை வரலாறு படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோல்புரூக் – கமரன் ஆணைக்குழு என்று நாம் மனனம் செய்த இருவரில் ஒருவர் இவர். 1830களில் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்ததும், நீதிமன்றங்கள் சீரமைக்கப்பட்டதும் அந்தக் குழுவின் சிபாரிசுகளால்தான். ஆசிரியர் கலாசாலையில் இதை எழுதி நான் புள்ளி வாங்கியிருக்கிறேன். அந்த மனிதர் எங்கள் மலையிலேயே புதைந்து கிடக்கிறார் என்பதை மட்டும் அங்கே எவரும் சொல்லவில்லை. கட்டாய ஊழியத்துக்கு முடிவு கட்டச் சொன்னவரே பின்னர் இங்கு கோப்பித் தோட்டங்கள் வாங்கினார். அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய யார் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே சொல்லலாம்.

ஆனால் என்னை இழுத்தது மனைவியின் கதை. எனக்கு இப்போது 47 வயது. ஜூலியா அம்மையார் முதன்முதலாகக் கமெராவைத் தொட்டது 48 வயதில். 1863இல், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில் தாய் தனித்திருக்கிறாளே, பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்தார்களாம். இங்கிலாந்தின் வைற் தீவிலிருந்த அந்த வீட்டில் கரி வைக்கும் கொட்டில் இருட்டறையானது. கோழிக்கூடு ஸ்டூடியோவானது. வீட்டின் பெயரோ டிம்போலா. நமது டிம்புள்ளைத் தோட்டத்தின் பெயர்தான் அங்கே போய் அப்படி ஒட்டிக்கொண்டது.

பொழுதுபோக்கு என்றவுடன் இலேசான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைச் சீராகப் பூச வேண்டும். அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். தண்ணீர் வாளி வாளியாக வேண்டும். கை விரல்களெல்லாம் கறுத்துப் போகும். எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். இவ்வளவையும் செய்துதான் டார்வினையும் கவிஞர் டென்னிசனையும் படமெடுத்தார். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹிலியரைக் கன்னி மரியாளாக வேடமிட்டு நிறுத்தினார். அந்தப் பணிப்பெண்ணின் பெயர் இன்றும் உலகத்துக்குத் தெரியும். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1875இல் கணவருக்கு 80, மனைவிக்கு 60. இலங்கையில் இருந்த பிள்ளைகளோடு கடைசிக் காலத்தைக் கழிக்கலாமென்று கப்பலேறினார்கள். வரும்போதே சவப்பெட்டிகளையும் கொண்டு வந்ததாக ஒரு கதை உண்டு. களுத்துறைக் கடலோரத்திலும் மலைத் தோட்டங்களிலுமாக அவர்களுடைய ஓய்வுக்காலம் கழிந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது, கையிருப்பும் கரைந்துகொண்டிருந்தது. அம்மையார் கமெராவை விடவில்லை. 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த், உச்சி வெயிலில் சால்வையைச் சுற்றி, தென்னோலை தலையில் குத்தத் தன்னை நிறுத்திவைத்து, இயல்பாக இருக்கச் சொன்னாரென்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ஓர் ஆளின் முதுகழகுக்காக அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனை வற்புறுத்தினாராம் அம்மையார். அங்கே தோட்டமே இல்லை.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. படத்திலிருப்பவர்களுள் நமது தோட்டத் தொழிலாளர்களும் உண்டு என்பார்கள். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இரக்கம் காட்டும் படங்களல்ல அவை. டார்வினுக்குக் கொடுத்த அதே கனத்தை அந்த முகங்களுக்கும் கொடுத்திருக்கிறார். 1878ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் களுத்துறைக் குடியானவர் மூவர் இருக்கிறார்கள். சிறுமிக்கு வயது 12, தன்னை அவளது தகப்பனென்று சொல்லும் கிழவர் தனக்கு வயது 100 என்கிறார் என்று குறிப்பெழுதி வைத்திருக்கிறார் அம்மையார்.

அந்தப் படத்தைப் பத்தாம் தரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "வயசக் கேட்டு எழுதுனவங்களுக்குப் பேரக் கேக்கத் தெரியலையா சேர்?"

1879 ஜனவரியில், டிக்கோயாப் பக்கத்து கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா அம்மையார் காலமானார். மறு வருடம் கணவர். ஜனவரி எங்கள் பக்கத்தில் வானம் துலங்கும் மாதம். மழை ஓய்ந்து, நல்ல தேயிலைக்கான வரட்சி தொடங்கி, மலைமடிப்புகள் எண்ணிவிடலாம் போலத் தெரியும். படம் பிடிக்க அதைவிட வெளிச்சம் வேண்டியதில்லை.

அந்த மாதங்களில்தான் எங்கள் பாடசாலைக்கு மேலுள்ள லயத்தில் வேறொரு ஓய்வுபெற்ற தம்பதியர் பரபரப்பாகி விடுவார்கள். மாசியில் காமன் கூத்து. பெரியவர் இளமையில் ரதி வேடம் கட்டியவர். இப்போது பையன்களுக்குப் பாட்டும் அடவும் சொல்லிக் கொடுக்கிறார். கிரீடமும் புஜகீர்த்தியும் அவருடைய மனைவியின் கைவேலை. காட்போட் மட்டையை வெட்டி, கோதுமை மாப் பசை தடவி, தேயிலைப் பெட்டிக்குள்ளிருந்த ஈயத்தாளைச் சேர்த்து வைத்திருந்து ஒட்டுவார். ஈயத்தாள் தீர்ந்து போய் இப்போது மினுங்கல் கடதாசி. அதில் அவருக்குத் திருப்தியே இல்லை.

சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதில் சேமலாப நிதிப் பணம் எடுக்கலாம். அதற்குப் பிறகும் அந்த அம்மா படங்கைக் கட்டிக்கொண்டு பல வருடம் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தார். இதுதான் உங்களுக்குப் பொழுதுபோக்கா என்று ஒருமுறை பெரியவரைக் கேட்டேன். "பொழுது எங்க மாஸ்டர் போகுது? அதுல்ல நம்மள இழுத்துக்கிட்டுப் போகுது" என்றார்.

அவர்களுக்கும் பெயர்தான் பிரச்சினையானது. பேரேட்டில் யாரோ ஒரு கிளாக்கர் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். அடையாள அட்டையில் வேறொரு எழுத்து மாறியிருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவர் ஏறி இறங்கிய படிகளுக்குக் கணக்கில்லை. கடிதங்கள் எழுதிக் கொடுத்தவன் நான் என்பதால் தெரியும். முப்பது வருடங்களுக்கு மேல் தினமும் பெரட்டில் பெயர் கூப்பிடக் கேட்டுப் போன மனுசி!

போன மாசியில் இருவரையும் லயத்து வாசலில் உட்கார வைத்துக் கைத்தொலைபேசியில் படமெடுத்தேன். மடியில் பாதி ஒட்டிய கிரீடம். ஹற்றனில் பிரதி போட்டுக் கொண்டு வந்து கொடுத்தபோது, இந்தச் சஞ்சிகையில் உங்களைப் பற்றி எழுதப் போகிறேன், பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"புஸ்தகத்துல எல்லாம் வேணாங்க மாஸ்டர். இதுல எழுதுங்க" என்று படத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார் அம்மா.

எழுதினேன். பேத்தியைக் கூப்பிட்டு எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னார். விழுங்கப்பட்ட அந்த எழுத்து வந்ததும், "ஆங், அதுதான்" என்றார். ஊரையும் ஆண்டையும் எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனேன்.

"எம் பேருக்குப் பக்கத்துல ரதின்னும் போட்டுருங்க" என்றார் பெரியவர்.