ஓசை எதைத் தொடர்கிறது?

போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் கொண்டையூசி வளைவுகளில் ஏறி, சாமை மூட்டைகளும் பலாப்பழமும் பிரயாணிகளும் ஒருங்கே நெருக்கியடித்துக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கு வந்து சேர்கிற வேன்களிலும் ஜீப்புகளிலும், ஓட்டுநருடைய தூக்கத்தைத் துரத்துவதும் மற்றவர்களுடைய சலிப்பை ஆற்றுவதும் வண்டியில் பாடுகிற செட்டுத்தான். ஆகையால் ஜவ்வாது மலையில் அதை ஓர் ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பாட்டோடு ஓர் இரைச்சலும் கலந்துவிட்டால், அதை நாள் முழுவதும் காதுக்கருகில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது எத்தனை உபாதை என்பதை அநுபவித்தவர்களே அறிவார்கள். அந்த உபாதையைத் தீர்க்கிற வித்தையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆவலோடுதான், கடைத்தெருவின் கோடியில் தகரக்கூரை வேய்ந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் போய் உட்கார்ந்தேன்.

கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். டீசல் வேன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திய ஓட்டுநர், வயதில் மூத்தவர், இறங்குமுன்பே குறையைச் சொல்லத் தொடங்கினார்.

"தம்பி, புது ஆம்ப் போட்டதுல இருந்து ஙொய்யினு ஒரே சத்தம். ஆக்சிலேட்டர மிதிச்சா அதுவும் கூடவே ஏறுது."

"வண்டிய ஸ்டார்ட்டுலயே வைங்கண்ணா. பாட்டு வேணாம், வால்யூம சுத்தமா கொறைங்க."

வைத்தியர் நாடியைப் பிடிப்பதற்கு முன் நோயாளியை அமைதியாக இருக்கச் சொல்வதைப் போன்றது இது. பாட்டு நின்றது, சத்தம் நிற்கவில்லை. அவர் ஸ்பேனரையும் எடுக்கவில்லை, மீட்டரையும் எடுக்கவில்லை. இஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருகி வைக்கச் சொன்னார், நிசப்தம். மறுபடி கிளப்பி மிதிக்கச் சொன்னார். ஓசை சுருதி ஏறிற்று. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். சுருதி மாறவில்லை, ஆனால் பலம் கூடிற்று. இந்த நான்கு பரீட்சைகளுக்குள் குற்றம் இருக்கக்கூடிய இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது. வால்யூமைக் குறைத்தும் சத்தம் குறையாததால், அது வால்யூமைக் கடந்த பிறகே உள்ளே நுழைகிறது. இஞ்சினோடு ஏறி இறங்குவதால், டைனமோவுக்கு அதில் சம்பந்தம் உண்டு.

டைனமோ என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது ஆல்டர்னேட்டரை. அதற்குள் பிறப்பது மூன்று கட்டங்களாக மாறி மாறி ஓடும் மின்சாரம். அதை ஆறு டையோடுகள் ஒருதிசைப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்புகின்றன. ஆனாலும் அது முழுச் சமனாவதில்லை. மேலே சிற்றலை ஒன்று எஞ்சி நிற்கிறது. பன்னிரண்டு துருவங்கள் கொண்ட டைனமோ ஒரு சுற்றுச் சுற்றினால் இவ்விதம் 36 சிற்றலைகள் எழும். இஞ்சின் நிமிஷத்துக்கு 900 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்க, பெல்ட்டினால் டைனமோ அதைப் போல் இரண்டரை மடங்கு சுழன்றால், விநாடிக்கு 1,350 அலைகள். மனிதச் செவிக்குத் தெளிவாகக் கேட்கிற ஸ்தாயி அது. அந்த ஙொய் இதுதான். டையோடு ஒன்று பழுதானால் ஓசை தடித்துக் கனத்து வரும் என்றும், அப்போது பேட்டரி முனைகளில் ஏ.சி. அளவையில் மீட்டரை வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் என்றும் அவர் சொன்னார். இந்த வண்டியில் ஓசை அப்படித் தடிக்கவில்லை.

பிறகு பின்ஸீட்டுக்கு அடியில் குனிந்து, செட்டிலிருந்து, பாட்டின் ஒலியைப் பெருக்கும் ஆம்புக்கு வரும் ஆர்.சி.ஏ. கேபிளைப் பிடுங்கினார். ஸ்பீக்கர்கள் வாய் மூடின. ஆம்பும் அதன் பவர் வயரும் நிரபராதிகள். சத்தம் கேபிள் வழியாக வருகிறது. இப்போதுதான் மீட்டர் வெளியே வந்தது. செட்டின் எர்த்துக்கும் ஆம்பின் எர்த்துக்கும் நடுவே ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் சில பத்து மில்லிவோல்ட் ஆடிக்கொண்டிருந்தது.

இதன் சூட்சுமம் சுவாரஸ்யமானது. மோட்டார் வண்டியில் பேட்டரியின் மைனஸ் பாடியோடு இணைந்திருப்பதால், விளக்கும் விசிறியும் இழுக்கிற மின்சாரமெல்லாம் அந்த இரும்பின் வழியாகவே திரும்பிச் செல்கிறது. பாடியின் ஓரிடத்தில் செட்டையும் வேறோரிடத்தில் ஆம்பையும் எர்த் செய்து, அந்த இணைப்புகளில் ஒன்று துருவின்மேல் உட்கார்ந்திருந்தால், இரண்டுக்கும் இடையே சிறிய வோல்ட்டேஜ் பேதம் உண்டாகி, கேபிளின் உலோக உறை வழியே பாட்டோடு பாட்டாகக் கலந்துவிடுகிறது. ஆம்பைப் பொருத்தியவர் ஸீட் போல்ட்டின் அடியில், பெயிண்டின் மேலேயே எர்த் வயரின் முனையிலுள்ள லக்கை வைத்து முடுக்கியிருந்தார். மலைச்சாலைக் குலுக்கலும் மழைக்கால ஈரமும் மற்றதைச் செய்துவிட்டன. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, புது லக் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவியதும், இஞ்சினை எவ்வளவு மிதித்தும் ஙொய் கேட்கவில்லை.

"ஃபில்டர் ஒண்ணு வாங்கி மாட்டிட்டா போயிடும்னாங்களே?" என்றார் ஓட்டுநர்.

"சத்தம் போயிடும்ணா, துரு போவாதே."

ஒவ்வொரு இரைச்சலுக்கும் அது தொடர்ந்து செல்கிற வஸ்து ஒன்று உண்டு என்பதே அவருடைய சாஸ்திரம். பெட்ரோல் வண்டியில் படபடவென்று பொரிந்து இஞ்சினோடு விரைந்தால் ஸ்பார்க் பிளக்கின் பொறி. டீசலில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே ஆக்ஸ் வயரில் பாட்டுக் கேட்கையில் மட்டும் வந்தால் சார்ஜர். விட்டுவிட்டுத் தந்தியடிப்பதுபோல் பொருமினால் டூ-ஜி போன். டவர் தூரமாகிச் சிக்னல் மெலிய மெலியப் போன் தன் பலத்தைக் கூட்டி அலைபரப்புவதால், மலைமேல் இத்தொல்லை அதிகம்.

அமெரிக்காவில் கால்வின் கம்பெனியார் 1930-இல் மோட்டோரோலா என்ற கார் ரேடியோவைக் கொண்டுவந்தபோது, அவர்கள் பட்ட பெரும்பாடுகளில் ஒன்று பிளக்கின் பொறி எழுப்பிய இந்தக் கரகரப்பை அடக்குவதுதான். ஏறக்குறைய அதே காலத்தில் கடல்கடந்த ரேடியோ டெலிபோனில் குறுக்கிடும் இரைச்சலை ஆராய அமர்த்தப்பட்ட கார்ல் ஜான்ஸ்கி, இடியோடு சம்பந்தமில்லாத மெல்லிய சீற்றம் ஒன்று சூரியனைத் தொடராமல், 23 மணி 56 நிமிஷத்துக்கொரு முறை, நட்சத்திரங்களின் கதியையே தொடர்வதைக் கண்டு, அது நம் பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933-இல் வெளியிட்டார். ரேடியோ வானியல் அப்படிப் பிறந்தது. இதே மலையில் காவலூரில் விண்மீன்களை நோக்கும் ஆராய்ச்சியாளர்களை நாடு அறியும். ஜான்ஸ்கி கேட்ட அதே கேள்வியை எர்த் வயரிடம் கேட்கிற இந்த இளைஞரை விஞ்ஞானி என்று அழைக்க யாருக்கும் தோன்றுவதில்லை; கூலி கொடுக்கும்போதுகூட மாற்றிய லக்குக்குத்தான் விலை கேட்கிறார்கள், கேட்ட செவிக்கு அன்று. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேலை முடிந்ததென்று நான் நினைத்தேன், அவர் நினைக்கவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டைப் பெரிதாக வைத்தார். மேளம் விழும்போதெல்லாம் பின்பக்கத்து இடது ஸ்பீக்கர் பிர்ரென்று துடித்தது. இது இஞ்சினையும் தொடரவில்லை, விளக்கையும் தொடரவில்லை. கதவின் அட்டையை உள்ளங்கையால் அழுத்தியும் அடங்காததால் அட்டையும் காரணமில்லை. வலையைக் கழற்றினால், கோனின் ஓரம் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பசை போட்டு ஒட்டி, சாயங்காலம்வரை காயவிட வேண்டும் என்றார். ஓட்டுநருக்கு ஏற்றிச்செல்ல ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் கழற்றி, முனையில் டேப் சுற்றி, "மூணு பாடும்ணா, கீழ போயிட்டு வரும்போது நிறுத்துங்க" என்று சொல்லி அனுப்பினார்.