பேனரில் இருந்த 11 கைகள்

 

பங்குனி உத்திரம் நல்லபடியா முடிஞ்சது. பால்குடம் எடுத்தவங்க, அன்னதானத்துக்கு விடிய விடிய காய் நறுக்கிக் கொடுத்த அம்மாமார்கள், கார் நிறுத்துற இடத்தில் வெயிலில் நின்ன தம்பிகள் எல்லாருக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைச் செயலவை தனியா போடும். இந்தப் பதிவு வேற விஷயம். திருவிழாவுக்கு முன்னாடி மூணு ராத்திரி இதே பக்கத்தில் நடந்த சண்டையைப் பலர் பார்த்திருப்பீங்க. பாதியில் ஏன் பதிவை எடுத்துட்டீங்கன்னு கேட்டவங்களும் இருக்காங்க. அவங்களுக்குப் பதில் சொல்லாம இருக்கிறது சரியில்லை.

மார்ச் மாசக் கடைசி. ஊரே ஜிப்லி படம் போட்டுக்கிட்டிருந்த நேரம். நாங்களும் சும்மா இருக்கல. சமையல்கட்டில் நாங்கள் நின்ன படத்தை ஏஐயில் போட்டு, ஜப்பான் கார்ட்டூன் மாதிரி ஆக்கி, புலனத்தில் போட்டுக்கிட்டோம். சாம்பார் அண்டாவுக்குக்கூட ஒரு அழகு வந்திருந்தது. அந்தச் சூட்டில்தான் இந்த வருஷப் பேனருக்கும் இதையே செஞ்சா என்னன்னு யோசனை வந்தது. நோன்புப் பெருநாளுக்கு பிரிண்டிங் கடை மூடுறதுக்குள்ள ஃபைல் கொடுக்கணும், நேரமில்லை. வருஷா வருஷம் வரைஞ்சு கொடுக்கிற ஓவியர் அண்ணனுக்கு 400 வெள்ளி கொடுப்போம், அதுவும் மிச்சம். ஆறுமுகசாமி, மயில், பின்னால் மலை, விடியற்கால வெளிச்சம் என்று ஆங்கிலத்தில் நாலு வரி தட்டினோம். கொஞ்ச நேரத்தில் படம் வந்துடுச்சு. உண்மையைச் சொல்றோம், பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கிட்டோம். முகத்தில் அப்படி ஒரு ஜொலிப்பு.

பேனரைக் கட்டி, படம் எடுத்து இங்கே போட்டதும் முதல் நாள் எல்லாம் அரோகராதான். மறுநாள்தான் யார் யாரோ வந்தாங்க. எங்க கோயிலுக்கு ஒருநாளும் வராதவங்க. ஏஐ படம் கலையே இல்லைன்னு ஒருத்தர். ஊரில் உள்ள ஓவியர்கள் படத்தையெல்லாம் கேட்காம எடுத்து அரைச்சுத்தான் இந்த மிஷினைப் பழக்கியிருக்காங்க, திருட்டு மாவில் சுட்ட தோசையைச் சாமிக்குப் படைப்பீங்களான்னு இன்னொருத்தர். எங்களுக்கு ரோஷம் வந்துடுச்சு. வேலை முடிஞ்சு வந்து குளிக்காமகூட உட்கார்ந்து பதில் எழுதினோம்.

எங்க பக்கம் பேச சிங்கையிலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்லா படிச்சவர். ரவி வர்மா 1894ல் பம்பாயில் அச்சகம் போட்டு, ஜெர்மன் மிஷின் வச்சுத்தானே லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனார், அப்பவும் இப்படித்தான் பேசியிருப்பாங்கன்னு எழுதினார். பத்துமலையில் 2006ல் திறந்த 42.7 மீட்டர் முருகன், கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும்தானே, உளி பட்ட கருங்கல்லான்னும் கேட்டார். எங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சது. ஏன்னா எங்களில் முக்காவாசிப் பேர் தோட்டத்தில் பிறந்தவங்க. லயத்து வீட்டில் எங்க அம்மா கும்பிட்டது மளிகைக்கடை காலண்டர் சாமியைத்தான். கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைஞ்சு சிவகாசியில் அச்சான முருகன் எங்களுக்கு மிஷின் சாமியாத் தெரிஞ்சதே இல்லை.

இன்னைக்கும் அந்தத் தம்பி சொன்னதில் பாதி சரின்னுதான் நினைக்கிறோம். மிஷின் தொட்டதால சாமி தீட்டுப்படாது. எங்க ஓவியர் அண்ணன் படத்தையும் ஸ்கேன் பண்ணி பிளாஸ்டிக் பேனரில் அடிச்சுத்தான் கட்டுவோம்.

மூணாவது ராத்திரி ஒரு பெண் பிள்ளை வந்தது. ஓவியம் படிக்குதாம். சத்தம் போடல. "அங்கிள், முகம் 5தான் இருக்கு, கை 11 இருக்கு, பாருங்க"ன்னு மட்டும் எழுதியிருந்தது. முகத்துக்குப் பதில் உடனே கிடைச்சது. ஆறாவது முகம் பின்பக்கம் இருக்கிற விக்கிரகங்களும் உண்டே! கைக்குத்தான் பதில் இல்லை. அதுக்கு நாங்கள் எழுதினது இதுதான்: "பக்தியோட பாரும்மா, எண்ணிப் பார்க்காதே." அதோட விடாம, உனக்கு எங்க கோயிலில் என்ன வேலைன்னும் கேட்டோம். அந்த வரிக்கு 60 பேருக்கு மேல லைக் போட்டாங்க. பிள்ளை அப்புறம் எழுதவே இல்லை.

மறுநாள் காலை கோயில் கழுவ கொத்தோங் ரோயோங் வச்சிருந்தோம். ஓவியர் அண்ணனும் வந்தார். எழுபதை நெருங்குறவர், அந்தக் காலத்தில் சினிமா தியேட்டருக்குக் கட்டவுட் வரைஞ்ச கை. விளக்குமாத்தைச் சாய்ச்சு வச்சுட்டு பேனருக்குக் கீழே நின்னார். உதடு அசைஞ்சுது. கும்பிடுறார்னு நினைச்சோம். எண்ணிக்கிட்டிருந்திருக்கார்.

"வலது பக்கம் ஆறு. இடது பக்கம் அஞ்சு. இந்தக் கையில் இருக்கிறது என்ன தம்பி? வேலும் இல்ல, வஜ்ரமும் இல்ல. வேல் மாதிரி தெரியுது, கிட்ட வந்தா கரண்டி மாதிரி இருக்கு."

நாங்கள் பேசல. அவரே சொன்னார். ஆறுமுகம் வரையும்போது முன்னால இருக்கிற அபய கரத்தையும் வரத கரத்தையும் முதல்ல போட்டுடுவாராம். அப்புறம் பின்னால விசிறி மாதிரி ஒவ்வொண்ணா. கடைசிக் கைக்கு எப்பவும் இடம் பத்தாது, தோள் முட்டும். அப்போ ரப்பர் எடுத்து மத்ததையெல்லாம் அழிச்சு நகர்த்தணும். "பன்னெண்டாவது கைதான் என் உயிரை வாங்கும்"னு சிரிச்சார். முடிச்சதும் ஒவ்வொரு கைக்கும் ஆயுதத்தின் பேரைச் சொல்லி எண்ணிட்டுத்தான் ஓரத்தில் பேரெழுதுவாராம்.

பிறகு விளக்குமாத்தை எடுத்துக்கிட்டே, "நீங்க கூப்பிடுவீங்கன்னு பேப்பர் வாங்கி வச்சிருந்தேன்"னார். அவ்வளவுதான்.

எங்களில் பலர் பிறை, புக்கிட் மின்யாக் பக்கம் தொழிற்சாலை சூப்பர்வைசர்கள். எங்க லைனில் கேமராதான் சாமானைப் பார்க்குது. ஒரு கனெக்டரில் 40 பின் இருந்தா, ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் கண்டுபிடிச்சு ஓரமாத் தள்ளிடும். எங்க கண்ணை விட அது கெட்டி, அதில் சந்தேகமே இல்லை. ஆனா பெட்டி வெளியே போகும்போது ஃபாரத்தில் கையெழுத்துப் போடுறது நாங்கள். சரக்கு திரும்பி வந்தா கஸ்டமர் கேமராவைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டான், எங்களைத்தான் கேட்பான். அதனால கேமரா பச்சை விளக்கு போட்டாலும் பெட்டிக்கு அஞ்சு எடுத்து எங்க கையால எண்ணிப் பார்ப்போம். இருபது, முப்பது வருஷப் பழக்கம் இது. கம்பெனி பின்னை எண்ணின நாங்கள் சாமி கையை எண்ணல. எண்ணின பிள்ளையையும் எண்ணாதேன்னு சொல்லிட்டோம்.

கலையா இல்லையாங்கிற சண்டையில் யார் ஜெயிச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியல, அது எங்க படிப்புக்கு மேல. அந்தப் படத்துக்குக் கீழே யாரும் பேரெழுதல. பேரெழுதாத இடத்தில் நாங்களாவது எண்ணியிருக்கணும்.

அன்னைக்குச் சாயங்காலமே பேனரை இறக்கிட்டோம். அதான் இந்த வருஷம் வாசலில் வாழையும் தோரணமும் மட்டும். பேனர் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் சுருட்டி இருக்கு. குப்பையில் போட மனசு வரல, என்ன இருந்தாலும் சாமி முகம். எரிக்கவும் முடியாது, பிளாஸ்டிக். வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகாசி விசாகத்துக்கு ஓவியர் அண்ணன் வரையுறார். போன வாரம் வெத்தலை பாக்கு, பழத்தட்டோட போய்க் கேட்டோம். கொஞ்சம் யோசிச்சுத்தான் சரின்னார். 400 வெள்ளிக்கு உபயக்காரர் யாராவது முன்வந்தா நல்லது, இல்லாட்டி நாங்களே போட்டுக்குவோம்.

பதிவை நீக்கினப்போ அந்தப் பெண் பிள்ளையோட வரியும் சேர்ந்து போயிடுச்சு. பேரையும் குறிச்சு வைக்கல. மகளே, இது உன் கண்ணில் பட்டா, நீ எண்ணினது சரி. 11தான்.